கோட்டுக்கு மேலே ஒரு விரக்கடை

தாணுலிங்கம் மடத்துக்கு வந்தபோது அவருக்கு அறுபத்தோரு வயது. அவர் குருவாகத் தேடி வந்த அம்மாவுக்கு நாற்பத்து மூன்று. பெரியவர் கீழே உட்கார்ந்து சின்னவளிடம் பாடம் கேட்பதா என்று ஊரில் இரண்டு பேர் வாய்விட்டே கேட்டார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்து நாலு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவர். தராசு புதுசா பழசா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. முள் நேராக நின்றால் முத்திரை குத்துவார், அவ்வளவுதான்.

மடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். செம்மண்விளைக்கு வெளியே ஒரு சமாதி, பக்கத்தில் நாலு அறை, ஒரு கிணறு, ஒரு மாட்டுக் கொட்டில். பெரிய சாமி அடங்கிய பிறகு அவரிடம் இருபது வருஷம் இருந்த ஆவுடையம்மாள் அதைப் பார்த்துக்கொண்டாள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவள் மடத்தம்மா. வருகிறவர்கள் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் தங்கலாம். வரும்போது ஒரே ஒரு கேள்வி கொண்டு வரலாம். பெரிய சாமி காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

தாணுலிங்கம் கொண்டு வந்த கேள்வி பதினோரு வருஷப் பழசு.

அவர் குடியிருக்கும் தெருவில் உலகம்மாள் என்று ஒரு பால்காரி. இரண்டு எருமை, ஓர் அலுமினியக் கேன், ஓர் அரை லிட்டர் குவளை. இருபது வீட்டுக்கு அவள்தான் பால். ஒருநாள் காலையில் இவர் வாசலில் நின்று பல் தேய்க்கையில் அந்தக் குவளை கண்ணில் பட்டது. கேன் விளிம்பில் தட்டித் தட்டி அதன் அடி உள்ளே வாங்கியிருந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? வாயைக் கொப்பளித்துவிட்டு, உள்ளே போய் முத்திரைக் குவளையை எடுத்து வந்து, தண்ணீர் ஊற்றி அளந்தார். முப்பது மில்லி குறைந்தது.

உலகம்மாள் பதறவில்லை. அளந்த பிறகு மேலே கொசுறு ஊற்றுகிறேனே, அது போதாதா என்று கேட்டாள். கொசுறு கணக்கில் வராது என்றார் இவர். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. தெருவே பார்த்துக்கொண்டு நிற்க, குவளையை உளியால் வெட்டிப் போட்டார். அதற்காக அவரை ஈவிரக்கம் இல்லாத ஆள் என்று சொல்லிவிட முடியாது. மறுநாளே தன் கைக்காசில் ஒரு புதுக் குவளை வாங்கி, முத்திரை குத்தி, அவள் கையில் கொடுத்தார். எப்படி அளக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து உலகம்மாள் சரியாக அளந்தாள். ஒரு சொட்டுக் கூடவில்லை, ஒரு சொட்டுக் குறையவில்லை. ஒரு வாரம் போனது. இவர் மனைவி தூக்குவாளியைக் கொண்டு வந்து முன்னால் வைத்தாள். முன்பெல்லாம் பால் உள்ளே இந்தக் கைப்பிடி ஆணியைத் தொடும், இப்போது ஒரு நகக்கண் கீழே நிற்கிறது பாருங்கள் என்றாள். அவர் நம்பவில்லை. ஆணி வரை தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தார். ஐந்நூற்று இருபத்தைந்து மில்லி.

குறைந்த குவளையில் தெருவுக்கு ஐந்நூற்று இருபத்தைந்து வந்திருக்கிறது. நிறைந்த குவளையில் ஐந்நூறு வருகிறது.

“நீங்க திருத்தின பெறகுதான் குறைஞ்சுபோச்சு” என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குப் போனாள். சொன்னதை மறந்தும் போனாள். இவருக்குத்தான் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குப் பால் காப்பி இறங்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் பால் காப்பி, இவருக்கு மட்டும் கடுங்காப்பி. உலகம்மாள் கேனை இறக்கும் சத்தம் கேட்டால் பின்கட்டுக்குப் போய்விடுவார். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு லிட்டர், அரை லிட்டர், கால் லிட்டர் என்று மூன்று முத்திரைக் குவளைகளைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அவற்றைப் பார்க்காமலே வாங்கிப் பைக்குள் வைத்தார். கூச்சப்படுகிறார் என்று மேடையில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அத்தனையையும் மடத்தம்மாவிடம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் கேட்டார்.

“நான் செஞ்சது சரியா தப்பாம்மா? ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும். நிம்மதியா ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போய்ச் சேருவேன்.”

 அவர் பைக்குள்ளிருந்து பளபளவென்று எட்டிப்பார்த்த குவளைகளை மடத்தம்மா பார்த்தாள்.

“அதையும் கொண்டாந்துட்டீங்களா அண்ணாச்சி? நல்லதாப் போச்சு” என்றாள். கிணற்றடியில் கிடந்த இரும்பு வாளியைக் காட்டினாள். “அது எவ்வளவு கொள்ளும்?”

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று முப்பத்து நாலு வருஷம் காத்திருந்தவர்போல எழுந்தார் அவர். ஒரு லிட்டர் குவளையால் ஊற்றி ஊற்றி விளிம்பு வரை நிரப்பினார். குனிந்து கண்மட்டம் வைத்துப் பார்த்தார். பதினாறேகால் லிட்டர் என்றார்.

அப்படியே தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். அவர் தூக்கினார். அறுபது எட்டு வைத்தால் அடுக்களை. போய்ச் சேர்வதற்குள் வேட்டி முழங்கால் வரை நனைந்துவிட்டது. அங்கே திரும்பவும் அளக்கச் சொன்னாள். பதினாலரை இருந்தது.

“இப்பச் சொல்லுங்க. எவ்வளவு கொள்ளும்?”

“பதினாறேகால்.”

“மீதி எங்க?”

“என் வேட்டியில.”

அவள் சிரித்தாள். பதினாலரைக்குத்தான் இன்றைக்கு அரிசி போட முடியும் என்று சொல்லி, அரிசியை எடுத்துக் களைய ஆரம்பித்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை. இதுதான் என் கேள்விக்குப் பதிலா அம்மா என்று பவ்யமாகக் கேட்டார். இல்லை அண்ணாச்சி, உலைக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது என்றாள். அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டு வெளியே வந்தார்.

பங்குனி பாதியில் ஊர்க் குழாய் வறண்டது.

மடத்துக் கிணற்றில்தான் நல்ல தண்ணீர். முன்பும் ஊர்ப் பெண்கள் குடிக்க ஆளுக்கு ஒரு குடம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது சமைக்க, துவைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அங்கே வந்தார்கள். விடிந்ததும் மோட்டார் போட்டால் மேடையில் இருக்கும் கறுப்பு டேங்குக்குத் தண்ணீர் ஏறும். டேங்கின் அடியில் ஒரு குழாய். குழாயடியில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். சிலர் சின்ன வாளி கொண்டு வந்தார்கள். சிலர் பெரிய வாளி கொண்டு வந்தார்கள். கோமு என்பவள், வாய்க்கும் வேலைக்கும் சளைக்காதவள், வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய இருபது லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு இரண்டு வாளி என்பதுதானே கணக்கு, பெரிசா சின்னதா என்று யார் பார்த்தது என்று கேட்டுக்கொண்டே நிரப்பினாள். வரிசையில் கடைசியாக நின்ற எட்டுப் பத்து வீட்டுக்குக் குழாயில் காற்றுதான் வந்தது. நாலாம் நாள் இரண்டு பெண்கள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

மடத்தம்மா தாணுலிங்கத்தைக் கூப்பிட்டாள். அண்ணாச்சிக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன் என்றாள்.

அந்த வேலை அவருக்காகவே பிறந்த வேலை. முதலில் கிணற்றை அளந்தார். ஐந்தடி விட்டம். கயிற்றில் முடிச்சுப் போட்டு இறக்கி, மாலையில் ஒரு தடவை, விடியலில் ஒரு தடவை பார்த்தார். ராத்திரிக்குள் இரண்டடி ஊறியது. கணக்குப் போட்டால் ஆயிரத்து நூறு லிட்டரும் கொஞ்சமும். ஊரில் நாற்பத்திரண்டு வீடு. வீட்டுக்கு இரண்டு வாளி, வாளிக்குப் பன்னிரண்டு லிட்டர். ஆயிரத்தெட்டு லிட்டர் கொடுத்துவிட்டு, மீதி நூறு லிட்டர் கிணற்றிலேயே கிடக்கட்டும் என்று வைத்தார். ஊற்று ஒருநாள் காலை வாரினால் ஏதாவது கையில் இருக்க வேண்டும் இல்லையா?

பிறகு ஊரில் உள்ள எண்பத்து நாலு வாளிகளையும் கொண்டு வரச் சொன்னார். பிளாஸ்டிக், இரும்பு, எவர்சில்வர், கோமுவின் பெயிண்ட் வாளி எல்லாம் வந்து வரிசையில் உட்கார்ந்தன. இருந்ததிலேயே சின்னது பதிமூன்றரை லிட்டர் கொண்டது. ஒரு லிட்டர் குவளையால் பன்னிரண்டு தடவை எண்ணி ஊற்றி, தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசி மிஞ்சிய பெயிண்ட் அதற்கு உதவியது. அந்தத் தண்ணீரையே அடுத்த வாளிக்கு மாற்றினார். ஒரு சொட்டு மண்ணில் விழவில்லை. சாயங்காலம் முதுகு ஒடிந்துவிட்டது. ஆனாலும் அன்று அவர் படுத்ததும் தூங்கினார். அப்படித் தூங்கி வருஷக்கணக்காயிற்று.

மறுநாளிலிருந்து குழாயைத் திறந்து மூடுவது அவர் கை. தண்ணீர் கோட்டைத் தொட்டதும் டக்கென்று மூடுவார். முதல் வீட்டுக்கு எவ்வளவோ, கடைசி வீட்டுக்கும் அவ்வளவு. ஏழரை மணிக்கெல்லாம் குழாயடி காலியானது. சண்டை போட்டு முடியைப் பிடித்துக்கொண்ட இரண்டு பெண்களும் பேசிக்கொண்டே போனார்கள். கோமுகூட, பெரிய வாளியில் கோடு பாதிக்குச் சற்று மேலேதான் இருக்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சொன்னாளே தவிர வேறு குறை சொல்லவில்லை. ஊரில் அவருக்கு முத்திரை அண்ணாச்சி என்று பெயர் வந்துவிட்டது. அவருக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

மடத்தம்மாவும் மனதாரச் சொன்னாள். கடைசி வீட்டுக்கும் கிடைக்கிறது, பெரிய காரியம் அண்ணாச்சி என்றாள்.

இப்படிப் பத்து நாள் போனது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் படுப்பது அவர் பழக்கம். அன்று கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் எழுந்து வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றார். அப்போது அந்த ஆட்டுக் கூட்டம் வந்தது. அறுபது ஆடு இருக்கும். குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு கல்தொட்டி உண்டு. நேராக அதனிடம் ஓடின. முன்னால் போன ஆடு தலையை உள்ளே விட்டது. விட்ட தலையை எடுக்காமல் கல்லை நக்கியது. அடுத்த ஆடும் நக்கியது. மற்றவை பின்னால் நின்று ஒன்றையொன்று முட்டின.

தாணுலிங்கம் கிட்டே போய்ப் பார்த்தார். தொட்டி காய்ந்து கிடந்தது. உள்ளே படிந்திருந்த பாசி வறண்டு சுருண்டிருந்தது.

ஆடு மேய்க்கும் மந்திரமூர்த்தி தடியை ஊன்றிக்கொண்டு நின்றான். கோபமாகப் பேசுவான் என்று எதிர்பார்த்தார். அவன் கோபப்படவில்லை. பத்து நாளாக இப்படித்தான் கிடக்கிறது, ஆட்டுக்குத்தான் சொன்னால் புரிய மாட்டேன் என்கிறது, தினமும் ஒரு நப்பாசையில் இங்கேயே இழுக்கிறது என்றான். இனி ஓடைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான், இரண்டு மைல் கூடுதலாக நடக்க வேண்டும், குட்டிகள் தாங்குமா என்று தெரியவில்லை என்றான். சொல்லிவிட்டு ஒரு சீழ்க்கை அடித்தான். ஆடுகள் மனசில்லாமல் திரும்பின.

பத்து நாள். அவர் கோடு போட்டுப் பத்து நாள். அதை அவர் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொட்டியை அளந்து பார்த்தார். எண்பத்தாறு லிட்டர் கொள்ளும். தினமும் அதை யார் நிரப்பினார்கள்? மறுநாள் காலையில் கோமுவைக் கேட்டார். யாரும் நிரப்பவில்லை என்றாள் அவள். முன்பெல்லாம் குடமானாலும் வாளியானாலும் தளும்பத் தளும்ப நிரம்பும். அப்படியே தூக்கினால் சேலை நனையும். அதனால் தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் மேல் தண்ணீரைத் தொட்டியில் சாய்த்துவிட்டுத் தூக்குவாள். மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். ஆட்டுக்கு என்று யாரும் நினைத்துச் செய்ததில்லை. ஆனால் ஆடு குடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இப்போது கோட்டுக்கு மேலே வாளி காலியாகக் கிடக்கிறது. சாய்க்க என்ன இருக்கிறது?

கோட்டுக்குக் கீழே இருப்பதில் கொஞ்சம் சாய்க்கக் கூடாதா என்று கேட்டுவிட்டார் அவர்.

கோமு வாளியைக் கீழே வைத்தாள்.

“அளந்து குடுத்ததை எப்படி அண்ணாச்சி கொட்ட முடியும்?”

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. உள்ளதைக் கேட்டாள். அவள் போன பிறகும் தாணுலிங்கம் குழாயைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு உலகம்மாள் நினைவுதான் வந்தது. விளிம்போடு விளிம்பாக அளந்து ஊற்றிவிட்டுக் கேனை மூடும் அந்தக் கை. அதே தப்பைத் திரும்பவும் செய்துவிட்டோம், அதுவும் அந்தத் தப்புக்கு வழி கேட்க வந்த இடத்திலேயே செய்துவிட்டோம் என்று பட்டது.

நேராகக் கொட்டிலுக்குப் போனார். மடத்தம்மா சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டாள்.

“கோட்டை எல்லாம் அழிச்சுடுறேம்மா.”

“கடைசி எட்டு வீட்டுக்கு?”

  அப்படியானால் தொட்டியை நானே நிரப்பிவிடுகிறேன் என்றார். கிணற்றில் நூறு லிட்டர் மீதி இருக்கிறது. தொட்டிக்கு எண்பத்தாறு என்று ஒதுக்கி, உள்ளே ஒரு கோடு போட்டுவிட்டால் தீர்ந்தது.

“ஆட்டுக்கும் கோடா?” என்று அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். “அது ஊர்ப் பொம்பளைங்க நிரப்புற தொட்டி அண்ணாச்சி. அதை நாம எடுத்துக்கக் கூடாது.”

கையைக் கழுவிக்கொண்டு அவரைக் குழாயடிக்குக் கூட்டிப் போனாள். மடத்து வாளியை வைத்துக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் ஏறியது. கோட்டைத் தொட்டது. பழக்கதோஷம், அவர் கை தானாகக் குழாய்க்குப் போனது. அவள் அந்தக் கையை மெதுவாக விலக்கினாள். தண்ணீர் கோட்டை மூழ்கடித்து மேலே ஏறியது. ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்துப் பார்த்தாள். கோட்டுக்கு மேலே ஒரு விரக்கடை ஏறியதும் குழாயை மூடினாள்.

“கோடு அங்கேயே இருக்கட்டும்” என்றாள்.

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒரு விரக்கடை என்றால் ஒரு லிட்டரும் கொஞ்சமும். எண்பத்து நாலு வாளிக்குத் தொண்ணூறு லிட்டர் வரும். கிணற்றில் அவர் வைத்திருந்த மீதி அத்தனையும் போய்விடும். 

“ஊத்து குறைஞ்சா என்னம்மா பண்ண?”

“குறைஞ்சா கோட்டை இறக்குங்க. விரக்கடையை இறக்காதீங்க.”

மறுநாள் காலையில் வரிசையில் முதலாவதாக நின்றவள் கோமு. தண்ணீர் கோட்டைத் தாண்டியது. அவர் கை குழாயை மூடத் துடித்தது. மூடவில்லை.

“அண்ணாச்சி, கோட்டைத் தாண்டுது” என்றாள் அவள்.

“தாண்டட்டும்.”

அவள் அவரைப் பார்த்தாள். அப்புறம் வாளியைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு மேலே ஒரு விரக்கடை, அவள் கணக்கில் வராத தண்ணீர். இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தாள். நின்றாள். திரும்பி வந்து, ஒவ்வொரு வாளியையும் தொட்டி விளிம்பில் வைத்துச் சாய்த்தாள். சிவப்புக் கோடு வெளியே தெரிந்ததும் நிமிர்த்திக்கொண்டாள். வீட்டுக்கு நடந்தாள்.

எல்லாரும் அப்படிச் செய்யவில்லை. முதல்நாள் ஐந்தாறு பேர் சாய்த்தார்கள். தொட்டியின் அடி நனைந்தது, அவ்வளவுதான். இரண்டாம் நாள் பதினைந்து பேர். சிலர் கோடு வரை சாய்த்தார்கள். சிலர் பாதி சாய்த்தார்கள். மேலத்தெரு வீடு ஒன்று ஒருநாளும் சாய்க்கவில்லை. விரக்கடையையும் சேர்த்து நிமிர்ந்த நடையில் கொண்டு போனது. பழைய தாணுலிங்கமாக இருந்தால் அந்த வீட்டின் பெயரை நோட்டில் எழுதியிருப்பார். கேட்க வாய் வரை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வாளியை வைக்கச் சொன்னார்.

நாலாம் நாள் தொட்டி முக்காலுக்கு நிறைந்தது. ஆறாம் நாள் மத்தியானம் அவர் படுக்கவில்லை. வேப்ப மரத்தடியில் காத்து நின்றார். வெயில் உச்சியிலிருந்து இறங்கும் நேரத்தில் ஆடுகள் வந்தன. யாரும் அவற்றுக்கு ஆள் அனுப்பவில்லை. மூக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். மந்திரமூர்த்தி பின்னால் ஓடி வந்தான். தொட்டியைப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். ஆடுகள் குடிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. தாணுலிங்கத்துக்கு அந்தச் சத்தம் அலுக்கவில்லை.

ஊற்று ஒருநாள் குறைந்தது. அவர் எல்லா வாளியிலும் ஒரு விரக்கடை கீழே இன்னொரு கோடு போட்டார். தண்ணீரை அந்தப் புதுக் கோட்டுக்கு மேலே ஒரு விரக்கடை ஏற்றினார். ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து ஊற்று பழையபடி ஏறியது.

சித்திரை முடியும் சமயம் அவருடைய மண்டலமும் முடிந்தது. நாற்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் பையைக் கட்டி வைத்துவிட்டு மடத்தம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார். நாற்பத்தெட்டு நாளும் நன்றாகப் போயின, சாப்பாடு நன்றாக இருந்தது, தூக்கம் நன்றாக வந்தது என்றெல்லாம் சுற்றி வளைத்தார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என் கேள்வி அப்படியே இருக்கும்மா” என்றார் கடைசியில். “குவளையை வெட்டினது சரியா தப்பா?”

“சரிதான் அண்ணாச்சி” என்றாள் அவள் உடனே. “குறையுற குவளை குறையுற குவளைதானே? வெட்டத்தான் வேணும்.”

பதினோரு வருஷம் காத்திருந்த பதில். அதைக் கேட்டதும் மனசு லேசாக வேண்டும். ஆகவில்லை. 

“மறுநாள் புதுக் குவளை குடுத்தீங்களே” என்றாள் மடத்தம்மா. “அப்ப என்ன சொல்லிக் குடுத்தீங்க?”

 

அவருக்கு நினைவு வந்துவிட்டது. தெரு முழுக்கக் கூடி நின்றது. புதுக் குவளையின் விளிம்பை விரலால் தொட்டுக் காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“இந்த விளிம்பு வரைக்கும். இதுக்குக் கீழயும் நிக்கக் கூடாது, இதுக்கு மேல ஒரு சொட்டும் போகக் கூடாதுன்னு சொன்னேன்” என்றார் மெதுவாக.

“சொன்னபடி கேட்டிருக்கா.”

அவர் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷமாக உலகம்மாள் கோபத்தில் கொசுறை நிறுத்திவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தார். அவள் ஆபீசர் சொல்லுக்கு மரியாதை கொடுத்திருக்கிறாள். இத்தனை வருஷம் அவர் பின்கட்டில் ஒளிந்துகொண்டிருந்தபோது, அவள் வாசலில் நின்று அவர் சொன்னதைத் தினமும் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளிடம் போய் என்ன சொல்வேன் என்று கேட்டார். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றாள் மடத்தம்மா. விடியலில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் பால் நேரத்துக்குத் தெருவுக்குப் போய்விடலாம், பின்கட்டுக்குப் போகாமல் வாசலில் நின்று அரை லிட்டர் வாங்குங்கள் என்றாள்.

அவருக்குச் சட்டென்று ஒரு தெம்பு வந்தது. பையை அவிழ்த்து, பரிசாக வந்த அரை லிட்டர் முத்திரைக் குவளையை வெளியே எடுத்தார். துண்டின் நுனியால் பளபளவென்று துடைத்தார்.

“இதுலேயே வாங்கிக்கிறேம்மா. சரியா அரை லிட்டர் கொள்ளும்.”

மடத்தம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். வாங்கி அடுக்களை அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் தொங்கிய மடத்துத் தூக்குவாளியை எடுத்து, மூடியைத் திறந்து உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

“அரை லிட்டர் கேளுங்க அண்ணாச்சி. ஒரு லிட்டர் கொள்ளுறதை நீட்டுங்க.”